பணித்தளப் பயணம்: வடக்கே முதல் முறை போகிறவர்களுக்கு

மிஷனெரிகள் ஊழியம் செய்யும் இடங்களுக்குப் போகிற பணித்தளப் பயணம் தென் மாவட்டச் சபைகளில் புதிய வழக்கமல்ல. 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது, அதன் செலவை நம் ஊர்ச் சபைகளே சுமந்தன. சமைக்கும் முன் ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்துக் காணிக்கையாகக் கொடுத்த தாய்மார் இன்றும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அந்தச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான வேதநாயகம் சாமுவேல் அசரியா, ஆட்களை அனுப்பியதோடு நிற்கவில்லை. 1909இல் தாமே இன்றைய தெலங்கானாவிலுள்ள தோர்ணக்கல்லுக்குக் குடிபெயர்ந்து, தெலுங்கு கற்று, 1945இல் அங்கேயே இறந்தார்.

நாம் பேசப்போவது அப்படி வாழ்நாள் முழுவதற்கும் போகிறவர்களைப் பற்றி அல்ல. வாலிபர் ஐக்கியத்திலோ ஜெபக்குழுவிலோ சேர்ந்து, சபை தாங்குகிற ஒரு மிஷனெரியின் ஊருக்குச் சில நாள் போய் உதவ விரும்புகிறவர்களைப் பற்றி. எல்லாப் பணித்தளங்களுக்கும் பொதுவாகச் சொன்னால் எதுவும் பிடிபடாது என்பதால், ஓர் இடத்தை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஜார்க்கண்டின் வடகிழக்கு மூலையில் சாகிப்கஞ்ச், பாகூர், கோட்டா, தும்கா மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் ராஜ்மகால் மலைகள். மலைமேல் பஹாடியா மக்கள். அடிவாரத்திலும் சமவெளியிலும் பெரும்பாலும் சந்தால் மக்கள். பஹாடியாக்களில் ஒரு பிரிவினர் பேசுகிற மால்தோ, நம் தமிழைப் போலவே திராவிடக் குடும்பத்து மொழி. தமிழ்நாட்டு மிஷனெரிகள் பல ஆண்டுகளாக இந்த மலைகளில் குடும்பத்தோடு வாழ்ந்து வருகிறார்கள்.

நீங்கள் அங்கே இருக்கப்போவது நான்கைந்து நாள். மிஷனெரி குடும்பமும் ஊர்ச் சபையும் அதற்குப் பிறகும் அங்கேதான் இருக்கும். ஆகவே எந்த வேலையைத் திட்டமிட்டாலும், நாம் கிளம்பிய மறுநாள் இது அவர்களுக்குப் பலமாக இருக்குமா, பாரமாக இருக்குமா என்று முதலில் கேளுங்கள். கீழே சொல்லியிருப்பதெல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து வந்தவைதான்.

முதலில் அழைப்பு, பிறகு திட்டம்

பல குழுக்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. "டிசம்பரில் இருபது பேர் வருகிறோம், மருத்துவ முகாமும் வி.பி.எஸ். என்னும் விடுமுறை வேதாகமப் பள்ளியும் நடத்துகிறோம், ஏற்பாடு செய்யுங்கள்" என்று மிஷனெரிக்குத் தகவல் போகிறது. தன்னைத் தாங்குகிற சபை கேட்கும்போது அவரால் மறுக்க முடியாது. அதனால் நீங்கள்தான் அவர் மறுப்பதற்கு இடம் வைத்துக் கேட்க வேண்டும். "வரலாமா? எப்போது வந்தால் நல்லது? எத்தனை பேர்? என்ன தெரிந்தவர்கள் தேவை? இந்த ஆண்டு வேண்டாம் என்றாலும் வருத்தமில்லை" என்று எழுதுங்கள். அவரை அனுப்பிய மிஷனெரி சங்கத்தின் அலுவலகத்துக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். பெரும்பாலான சங்கங்களில் இதற்கென்று ஒரு பொறுப்பாளர் இருப்பார். அவர் அனுமதியில்லாமல் நேரே போவது முறையல்ல.

பதில் வரும்போது, நீங்கள் நினைக்காத ஒன்றை அவர் கேட்கக்கூடும். விடுதிப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தர இரண்டு ஆசிரியர்கள், சோலார் விளக்கைப் பழுது பார்க்க ஒரு எலக்ட்ரீஷியன், தையல் வகுப்புக்கு ஒரு அக்கா. சில நேரம், தன் மனைவியோடு தமிழில் பேச யாராவது வந்தால் போதும் என்பார். அதையும் ஊழியமாக எடுத்துக்கொள்ளுங்கள். சொந்த மொழியில் மனம்விட்டுப் பேச ஆளில்லாமல் ஆண்டுகளைக் கழிக்கும் மிஷனெரி மனைவிகளின் களைப்பைப் பற்றி நம் சபைகளில் யாரும் போதுமான அளவு பேசுவதில்லை.

எப்போது, எத்தனை பேர்

பள்ளி விடுமுறையை நம்பி மே மாதத்தைத் தேர்ந்தெடுக்கிறோம். அந்த மலைகளில் அதுதான் மோசமான காலம். வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும், ஊற்றுகள் வற்றிப்போகும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. மலைப்பாதைகளில் வண்டி ஏறாது, மலேரியாவும் கூடும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை போவது நல்லது. இரவில் நம் ஊர் ஆட்கள் எதிர்பார்க்காத குளிர் இருக்கும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. காரணம் தண்ணீர். மலைமேல் இருக்கும் பல ஊர்களில் குடிநீர் ஊற்று, ஊருக்குக் கீழே சரிவில் இருக்கும். பெண்களும் சிறுமிகளும் தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம் என்று கல்லில் கால் வைத்து ஏறி வருவார்கள். விருந்தாளிகளுக்காகக் காலையிலேயே வாளிகளை நிரப்பி வைத்துவிடுவார்கள். நாமும் பழக்கத்தில் ஆளுக்கு ஒரு வாளி ஊற்றிக் குளித்துவிடுகிறோம். பதினைந்து பேர் அப்படிக் குளித்தால் அந்த ஊர்ப் பெண்களின் ஒரு காலைப்பொழுது முழுவதும் அதிலேயே போய்விடும். ஒரு குவளையில் முகம் கை கால் கழுவிக்கொள்ளலாம். குளிப்பதை அடிவாரத்துப் பணித்தளத்துக்குத் திரும்பி வந்தபின் வைத்துக்கொள்ளலாம். முடிந்தவர்கள் ஊற்றுக்கு இறங்கிப் போய் ஒரு குடமாவது தூக்கி வாருங்கள்.

பயண நாட்களைச் சரியாகக் கணக்கிடுங்கள். திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு ஓர் இரவு, சென்னையிலிருந்து கொல்கத்தாவுக்கு ஒரு நாளுக்கு மேல், அங்கிருந்து பர்ஹர்வா வழியாக சாகிப்கஞ்ச் போகும் ரயில், பிறகு ஜீப். ஒரு வார விடுப்பில் இதை அடைக்கப் பார்த்தால் ரயிலில் இருந்த நேரம்தான் மிச்சம். பத்து பன்னிரண்டு நாளாவது ஒதுக்குங்கள். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. அந்த நாளைக் குறித்து வைத்து, போகும்போதும் வரும்போதும் குழுவுக்கு ஒரே பெட்டியில் இடம் பிடித்துவிடுங்கள்.

சட்டத்தைத் தெரிந்துகொண்டு போங்கள்

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. தெரியாமல் செய்கிற தவறுக்கு விலை கொடுப்பது நீங்கள் அல்ல, அங்கே இருக்கிறவர்கள்.

அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. ஆனால் பரப்பும் உரிமை என்பது மற்றவரை மதம் மாற்றும் உரிமை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1977இல் தீர்ப்பளித்தது. ஒடிசாவில் 1967 முதல், ஜார்க்கண்டில் 2017 முதல் மதமாற்றத் தடைச் சட்டம் இருக்கிறது; குஜராத், மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம் போன்ற மாநிலங்களிலும் உண்டு. ஜார்க்கண்ட் சட்டப்படி கட்டாயப்படுத்தியோ ஆசை காட்டியோ மதம் மாற்றினால் மூன்று ஆண்டு வரை சிறை அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அப்படி மாற்றப்பட்டவர் பெண்ணாகவோ, சிறுவராகவோ, பட்டியல் சாதி, பழங்குடியைச் சேர்ந்தவராகவோ இருந்தால் நான்கு ஆண்டு, ஒரு லட்சம். மதமாற்றச் சடங்கை நடத்துகிறவர் மாவட்ட நிர்வாகத்திடம் முன்அனுமதி பெற வேண்டும்.

பணமும் பொருளும் கொடுப்பது "ஆசை காட்டுதல்" என்ற சொல்லுக்குள் எளிதாக வந்துவிடும். ஆகவே மருந்து கொடுக்கும் மேஜையும் ஜெபிக்கும் இடமும் ஒன்றாக இருக்கக்கூடாது. போர்வை கொடுத்துவிட்டு அடுத்த நிமிடம் கைப்பிரதி நீட்டக்கூடாது. சட்டத்தை ஒரு பக்கம் வைத்தாலும் இது சரியான வழக்கம்தான். காய்ச்சலோடு வருகிறவருக்கு மருந்து கிடைப்பது, அவர் நம் ஜெபத்துக்குத் தலை குனிந்தாரா என்பதைப் பொறுத்ததாக ஒரு கணமும் தோன்றக்கூடாது. இயேசு குணமாக்கிய பத்துக் குஷ்டரோகிகளில் ஒருவன்தான் திரும்பி வந்தான். மற்ற ஒன்பது பேரின் சுகத்தை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

வெளிநாட்டில் வாழும் தமிழர்களுக்கு இன்னும் ஒரு செய்தி. சுற்றுலா விசாவில் வந்து மிஷனெரி வேலை செய்யக்கூடாது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர்களும் மிஷனெரி பணிக்குத் தனி அனுமதி வாங்க வேண்டும் என்று 2021 மார்ச் அறிவிக்கை சொல்கிறது. வெளிநாட்டுப் பணத்தைக் கையில் கொண்டுவந்து மிஷனெரியிடம் கொடுக்காதீர்கள். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்ற நிறுவனத்தின் வழியாகத்தான் அது போக வேண்டும். நாகாலாந்து, மிசோரம், அருணாசலம், மணிப்பூர் பக்கம் போகிற குழு என்றால் இந்தியர்களுக்கே உள்ளே நுழைய இன்னர் லைன் பெர்மிட் என்னும் அனுமதிச் சீட்டு தேவை.

உடம்பைக் கவனித்தல்

கிளம்புவதற்கு ஐந்தாறு வாரம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். டெட்டனஸ், டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசிகளைப் பற்றிக் கேளுங்கள். மலேரியா தடுப்பு மாத்திரை தேவையா என்பதை அவர் முடிவு செய்யட்டும். டாக்ஸிசைக்ளின் எழுதிக் கொடுத்தால், திரும்பி வந்த பிறகும் நான்கு வாரம் விடாமல் சாப்பிட வேண்டும். கர்ப்பிணிகளுக்கு அது கூடாது.

இந்த நான்கு மாவட்டங்களிலும் மலேரியாவோடு காலா அசார் என்ற நோயும் இருந்து வந்திருக்கிறது. மணல் ஈ கடிப்பதால் வருவது. அந்த ஈ கொசுவைவிட மிகச் சிறியது. சாதாரணக் கொசுவலையின் கண்ணுக்குள் புகுந்துவிடும். உயரப் பறக்காது என்பதால் தரையில் படுக்காமல் கட்டிலில் படுப்பது நல்லது. நெருக்கமான கண்ணுள்ள, மருந்தூட்டிய வலையை ஆளுக்கொன்று எடுத்துப் போங்கள். மாலையில் முழுக்கைச் சட்டை, முழுக்கால் உடை. தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள், ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகள் கையில் இருக்கட்டும்.

மற்றபடி பெட்டியில் அதிகம் வேண்டாம். கம்பளிச் சட்டை, டார்ச், பிடிமானமுள்ள செருப்பு, பெண்களுக்குச் சேலை அல்லது சல்வார். நகைகளை வீட்டில் விட்டுச் செல்லுங்கள். மிஷனெரி வீட்டுக்குப் புளி, இட்லிப் பொடி, கருப்பட்டி, தமிழ் மாத இதழ்கள், பிள்ளைகளுக்குத் தமிழ்ப் படக்கதை. இதற்கு மட்டும் எடையைப் பார்க்காதீர்கள்.

ஊருக்குள்

போனவுடன் ஊர்த் தலைவரைப் பாருங்கள். மிஷனெரி அழைத்துப் போவார். யார், எங்கிருந்து வருகிறோம், எத்தனை நாள், என்ன செய்யப் போகிறோம் என்று மறைக்காமல் சொல்லுங்கள். "ஜோஹார்" என்பது ஜார்க்கண்டில் எல்லாப் பழங்குடிகளிடமும் செல்லும் வணக்கம். கிறிஸ்தவர்களிடம் "ஜெய் மசீஹ் கீ" என்பார்கள். இந்தியில் பேர் கேட்கவும், நன்றி சொல்லவும், ஒரு பாட்டுப் பாடவும் கற்றுக்கொண்டு போனாலே முகங்கள் மலர்ந்துவிடும்.

சால் இலைத் தட்டில் சோறும் பருப்பும் வரும். சில வீடுகளில் கோழி அடிப்பார்கள். அது அவர்கள் சந்தைக்குக் கொண்டுபோக வளர்த்த கோழியாக இருக்கும். வேண்டாம் என்று தள்ளாதீர்கள். ஏழை வீட்டுக்குத் தன் விருந்தாளியைக் கவனிக்கும் மரியாதையை மறுப்பது பெரிய அவமதிப்பு. கொஞ்சமாக எடுத்துக்கொண்டு நிறைவாகச் சாப்பிடுங்கள். மஹுவா சாராயத்தைப் பற்றியோ, வீட்டுச் சுத்தத்தைப் பற்றியோ முதல் நாளே பிரசங்கம் வேண்டாம். அதை எப்போது, யார் பேச வேண்டும் என்பது ஊர்ச் சபையின் மூப்பர்களுக்குத் தெரியும்.

மருத்துவ முகாம் நடத்துவதானால்

மருத்துவ முகாம் என்றால் எல்லாக் குழுக்களுக்கும் ஆசை. கூட்டம் வரும், போட்டோ நன்றாக இருக்கும், இத்தனை பேருக்கு மருந்து கொடுத்தோம் என்று அறிக்கை எழுதலாம். ஆனால் முன்யோசனை இல்லாமல் நடத்தும் முகாம் தீங்கையே விட்டுச் செல்லும்.

ஒரு பாட்டிக்கு ரத்த அழுத்தம் அதிகம் என்று கண்டுபிடித்துப் பத்து நாள் மாத்திரை கொடுக்கிறீர்கள். பதினோராம் நாள்? ஆண்டுக்கணக்கில் சாப்பிட வேண்டிய மாத்திரையைப் பத்து நாளில் நிறுத்துவதால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. இருமல் என்று வந்தவருக்கு மூன்று நாள் ஆன்டிபயாடிக் கொடுத்து அனுப்புகிறோம். அவருக்குக் காசநோயாக இருந்தால் நோய் தெரிய வரும் நாளைத் தள்ளிப்போட்டிருக்கிறோம்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். மாவட்ட சிவில் சர்ஜன் அலுவலகத்துக்கும் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் முன்கூட்டியே கடிதம் கொடுத்து அனுமதி பெறுங்கள். நாம் ஆஷா என்று சொல்லும் ஊர்ச் சுகாதாரப் பணியாளரை ஜார்க்கண்டில் சஹியா என்பார்கள். அந்தந்த ஊர் சஹியாவை முகாம் மேஜையில் உங்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள். எந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல், யார் மாசமாக இருக்கிறாள், எந்தக் குழந்தைக்குத் தடுப்பூசி விட்டுப்போயிற்று என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். நீங்கள் எழுதும் மருந்து அங்கேயுள்ள அரசு நிலையத்தில் கிடைப்பதாக இருக்கட்டும். சீட்டை இந்தியில் எழுதுங்கள். ஒரு பிரதி நோயாளியிடம், ஒரு பிரதி மிஷனெரியின் மருத்துவப் பொறுப்பாளரிடம்.

மருந்துக் கவரில் எழுத்துக்குப் பதிலாகப் படம் போடுங்கள். காலைக்கு உதிக்கும் சூரியன், மதியத்துக்கு முழுச் சூரியன், இரவுக்குப் பிறை. ஒவ்வொன்றின் கீழும் எத்தனை மாத்திரையோ அத்தனை வட்டம். கொடுத்த பிறகு, "எப்படிச் சாப்பிடுவீர்கள், சொல்லுங்கள்" என்று மொழிபெயர்ப்பாளர் வழியாகத் திருப்பிக் கேளுங்கள். தாய் பிறையைத் தொட்டுக்காட்டி, தன் குழந்தையைத் தொட்டுக்காட்டி, ஒரு விரலை நீட்டுவாள். அதைப் பார்த்த பிறகுதான் அடுத்தவரை அழைக்க வேண்டும். ஒரு நாளில் இருநூறு பேரைப் பார்க்க முடியாது. அறுபது பேரை ஒழுங்காகப் பார்க்கலாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சல், இடப்பக்கம் வயிறு வீங்கியிருப்பது, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்று வருகிறவர்களுக்கு நீங்கள் மருந்து கொடுத்து முடித்துவிடாதீர்கள். காலா அசாருக்கும் காசநோய்க்கும் அரசு மருத்துவமனையில் இலவசப் பரிசோதனையும் சிகிச்சையும் உண்டு. அவரையும் துணைக்கு ஒருவரையும் ஜீப்பில் ஏற்றி அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் உங்கள் முகாமின் சிறந்த வேலை. வண்டிச் செலவுக்கென்று ஒரு தொகையை முதலிலேயே ஒதுக்கி வையுங்கள்.

முகாமுக்கு மருத்துவரோ செவிலியரோ வரவில்லையென்றால் முகாமே வேண்டாம். மருந்துக்கடையில் வேலை பார்த்த தம்பி ஊசி போடுவது ஊழியம் அல்ல, குற்றம்.

பிள்ளைகளும் பொருட்களும்

வி.பி.எஸ். நடத்தினால் பாட்டு, கதை, கைவேலை எல்லாம் உள்ளூர் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களின் கையில் இருக்கட்டும். நீங்கள் பக்கத்தில் நின்று உதவுங்கள். அடுத்த ஞாயிறும் வகுப்பெடுக்கப் போவது அவர்கள். எந்தக் குழந்தையோடும் பெரியவர் ஒருவர் தனியாக இருக்கக்கூடாது. எப்போதும் இரண்டு பேர். இந்த விதியைக் கிளம்பும் முன்பே எழுத்தில் கொடுத்து எல்லாரிடமும் கையெழுத்து வாங்குங்கள். மிட்டாயை வீசி எறிந்து பிள்ளைகள் பாய்ந்து பொறுக்குவதைப் படம் எடுப்பதை நான் வெறுக்கிறேன். நம் வீட்டுப் பிள்ளையின் கையில் எப்படிக் கொடுப்போமோ அப்படிக் கொடுங்கள்.

படம் எடுக்கும் முன் கேளுங்கள். மூக்கு ஒழுகும், சட்டையில்லாத குழந்தையைத் தேடிப் பிடித்து எடுக்காதீர்கள். ஞானஸ்நானம், ஜெபக்கூட்டம், மிஷனெரியின் வீடு, ஊர்ப் பெயர்ப் பலகை இவற்றை வாட்ஸ்அப்பிலோ பேஸ்புக்கிலோ போடவே கூடாது. நீங்கள் பாளையங்கோட்டையில் இருந்து போட்ட ஒரு படம், அங்கே ஒருவரைக் காவல் நிலையத்தில் உட்கார வைக்கலாம்.

பழைய துணி மூட்டைகளைத் தயவுசெய்து கொண்டுபோகாதீர்கள். கிழிந்த ரவிக்கையையும் பொத்தான் இல்லாத சட்டையையும் பிரித்துப் போடுவதே மிஷனெரி மனைவிக்கு ஒரு வார வேலை. ரயிலில் மூட்டை சுமக்கும் கூலிக்கே சாகிப்கஞ்ச் கடைவீதியில் புதுப் போர்வைகள் சில வாங்கிவிடலாம். அங்குள்ள வியாபாரிக்கும் பிழைப்பு. யாருக்குக் கொடுப்பது என்பதை ஊர்ச் சபை முடிவு செய்யட்டும், அவர்களே கொடுக்கட்டும். தனி ஆட்களிடம் பணம் கொடுப்பதும், "உன் பிள்ளையை நான் படிக்க வைக்கிறேன்" என்று நெகிழ்ந்து வாக்குக் கொடுப்பதும் கூடாது. அந்த வாக்கை நீங்கள் மறந்துவிட்டாலும், அதைக் கேட்ட தகப்பன் ஒவ்வொரு வாரமும் மிஷனெரியிடம் வந்து விசாரிப்பான்.

பேசவும் ஜெபிக்கவும் அழைத்தால்

ஞாயிறு ஆராதனையில் பேச அழைப்பார்கள். பத்து நிமிடம் போதும். இரண்டு வாக்கியம் சொல்லி நிறுத்தி, மொழிபெயர்ப்பவருக்கு நேரம் கொடுங்கள். பழமொழியும் சிலேடையும் வேண்டாம்; மொழிபெயர்ப்பவர் திணறிப்போவார். மற்ற சமயத்தாரின் தெய்வங்களையும் பழங்குடி வழக்கங்களையும் இழிவாகப் பேசாதீர்கள். அவர்களுடைய பாட்டுகளைக் கேளுங்கள். அவர்களில் ஒருவரை உங்களுக்காக ஜெபிக்கச் சொல்லுங்கள். 1910இல் எடின்பரோ மிஷனெரி மாநாட்டில் அசரியா மேல்நாட்டாரைப் பார்த்து, ஏழைகளுக்கு ஆஸ்தியைக் கொடுத்தீர்கள், உடலையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். இன்று தெற்கிலிருந்து பெட்டியோடு போய் இறங்குகிற நம்மிடம் பஹாடியா சபை அதையே கேட்கலாம்.

திரும்பி வந்த பிறகு

ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் அன்றே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஜார்க்கண்ட் மலையில் இருந்து வந்ததை மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள், அவராகக் கேட்கமாட்டார். காலா அசார் இரண்டு முதல் ஆறு மாதம் கழித்தும் தலைகாட்டலாம் என்பதால் நீடித்த காய்ச்சலை அலட்சியம் செய்யாதீர்கள்.

சபையில் அறிக்கை வாசிக்கும்போது எத்தனை பேர் "ஏற்றுக்கொண்டார்கள்" என்ற எண்ணிக்கையைச் சொல்லாதீர்கள். நான்கு நாளில் உங்களுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. வரவுசெலவுக் கணக்கைப் பொருளாளரிடம் ரசீதுகளோடு கொடுங்கள். மருத்துவமனைக்கு அனுப்பியவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு, மாதம் ஒரு முறை மிஷனெரியிடம் அவர்களைப் பற்றி விசாரியுங்கள். மாத்திரை தொடர்வதற்கோ வண்டிக்கோ பணம் தேவைப்பட்டால் சங்கத்தின் வழியாக அனுப்புங்கள். எந்த ஊரில் ஊற்று எவ்வளவு தூரம், எந்த சஹியா ஒத்துழைத்தார், எந்த மருந்து தீர்ந்துபோயிற்று, மிஷனெரியின் பிள்ளைகள் என்ன வகுப்பு என்றெல்லாம் ஒரு நோட்டில் எழுதி, அடுத்த ஆண்டு போகிற குழுவின் தலைவரிடம் கொடுத்துவிடுங்கள். முடிந்தால் இந்த முறை போனவர்களில் இரண்டு பேராவது அந்தக் குழுவிலும் இருக்கட்டும்.